தட்டைத் தட்டிக் கூப்பிட்ட அக்கா

அந்த அக்கா குரலை உயர்த்தினால் தெருவில் நாலு பேராவது செருப்பைத் தேடுவார்கள். யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் துக்க வீடு என்றால் முதல் குரல் அவருடையதுதான். கூலி பேசி யாரும் அழைத்ததில்லை. சேதி கேட்டதும் போவார், இறந்தவரின் தலைமாட்டில் உட்காருவார், ஒப்பாரியின் முதல் வரியை எடுப்பார். அது திராட்சைப் பந்தல்களைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் கேட்கும். தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள். மாதா கோயிலில் துக்க மணி அதற்குப் பிறகுதான் அடிக்கும்.

அதனாலேயே மற்ற நேரங்களில் அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மகளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் வாசலில் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவார். அந்தப் பெண்ணும் எந்தத் தெருவில் இருந்தாலும் வந்துவிடும். பந்தலுக்குக் கீழே மற்றப் பெண்கள் வரிசைக்கு வரிசை கத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து போய், விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவார். டவுன் பஸ்ஸுக்குக் கையை மட்டும் காட்டுவார். டிரைவர் கவனிக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

ஒருநாள் அப்படிப் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவரிடம் கேட்டேன். "ஒரு சத்தம் குடுத்திருந்தா நிப்பாட்டியிருப்பான்லக்கா?"

"பஸ்ஸுக்காகப் போயி சனங்கள ஓட விடலாமா தம்பி?" என்றார்.

நான் அப்போது அந்த ஊர்ப் பங்குப் பள்ளியில் தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கீபோர்டு வாசிப்பேன். இது இரண்டும் போக நான் முழு நேரமாகச் செய்த வேலை கவலைப்படுவது. பூட்டிய வீட்டைத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவன் கையில்தான் சிஸ்டர், எங்கள் தலைமையாசிரியை, ஒரு நாடகத்தைக் கொடுத்தார்.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எங்கள் பள்ளியில் பெரியவர்களுக்குக் கோடைப் பள்ளி நடக்கும். தோட்ட வேலை முடித்துக் குளித்துவிட்டு ஐந்து மணிக்கு வருவார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பது, பேங்க் சலான் நிரப்புவது, தையல் என்று ஒரு மாதம் போகும். கடைசி நாள் மைதானத்தில் பாட்டு நாடகம். அந்த வருடம் நானே எழுதினேன். வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு தெருக்கள், ஒரு கல்யாணத்தில் சமாதானமாகும் கதை. கடைசியில் பெண்ணின் அம்மா ஒரு கல்யாணப் பாட்டுப் பாட வேண்டும். நாடகமே அந்தப் பாட்டில்தான் நின்றது.

அம்மா வேடம் போட்டவர், கட்டப்பனையில் இருக்கும் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார். நாடகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மிச்சம் இருந்த பெண்களில் பாட்டு வரக்கூடியவர் அந்த அக்கா ஒருவர்தான். அவர் அந்த வருடம் படிக்கச் சேர்ந்து, நாடகத்தில் திரைக்கயிறு இழுக்கும் பொறுப்பில் இருந்தார்.

கேட்டதும் சிரித்துவிட்டார். "நானா? சனம் எந்திரிச்சு ஓடிரும் தம்பி."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாடுகிறேன் என்றார். ஏன் மனசு மாறியது என்று நான் கேட்காமலே சொன்னார்.

"எங்க அக்கா மக பரிசத்துல எல்லாரும் பாடுனாக. நானும் ஆசையா வாயத் தொறந்தேன். ஒருத்தி வந்து கையப் புடிச்சு, 'நீ வேணாம் ஆத்தா, நல்ல காரியம்'னு சொன்னா. அவ சொன்னது தப்பில்ல. ஆனா ஆவணியில என் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. அதுலயும் நான் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமா? மொத இங்கன பாடிப் பாக்குறேன். சனம் உக்காந்து கேட்டுச்சுன்னா மக கல்யாணத்துலயும் பாடுவேன். எந்திரிச்சிருச்சுன்னா அதோட விட்டுர்றேன்."

இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் நாடகம் ஊத்திக்கொண்டால் நாலு பேர் கேலி செய்வார்கள், மறந்துவிடுவார்கள். இவருக்கு ஒரே ஒரு மகள், ஒரே ஒரு கல்யாணம்.

பள்ளி ஹாலில் ஒத்திகை தொடங்கியது. அக்கா வசனத்தை அழகாகச் சொன்னார். பாட்டு வந்ததும் உதடு மட்டும் அசைந்தது. நான் கீபோர்டின் சத்தத்தைக் குறைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். வேர்த்து ஊற்றியது. அப்போதும் அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"கொஞ்சம் சத்தமாக்கா."

"அன்னைக்குப் பாடிருவேன் தம்பி."

"இன்னைக்குப் பாடினாத்தான அன்னைக்கு வரும்?"

"வந்துரும்."

இதே பேச்சு மூன்று நாள் நடந்தது. நடுவில் வீரபாண்டித் திருவிழா வந்தது. ராட்டினம் ஏறுவதற்காக என் நடிகர்களில் பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார்கள். சண்டைக்காட்சியில் ஒரு தெருவே இல்லை. அக்கா மட்டும் தினமும் வந்தார், தினமும் உதட்டை அசைத்தார். சரி, கூட்டமில்லாத நேரத்திலாவது பாடுவார் என்று பார்த்தேன். ம்ஹூம்.

அவரோடு பந்தல் வேலைக்குப் போகும் ஒரு பெண் என்னிடம் சொன்னாள். "நீங்க எம்புட்டு கெஞ்சுனாலும் நடக்காது சார். போன வருசம் என் காலுக்குப் பக்கத்துல பாம்பு. இந்தக்கா எட்டி நின்னு பாத்துருச்சு. வேற ஆளா இருந்தா ஐயோன்னு கத்தியிருப்பாக. இது ஓடி வந்து என் சேலையப் புடிச்சு இழுத்துச்சு பாருங்க, ரெண்டு பேரும் வரப்புல விழுந்தோம். வாயிலருந்து ஒரு சத்தம் வரல."

பாம்பைப் பார்த்துக் கத்தாதவரை மேடையில் எப்படிப் பாட வைப்பது?

நாடகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பொறுமை போய்விட்டது. ஹாலின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். ஒன்றுக்குக் கொக்கி இல்லை, அதற்கு ஒரு பெஞ்சை முட்டுக் கொடுத்தேன்.

"ஒரே ஒரு வரிக்கா. எனக்குத் தைரியம் வரட்டும்."

"வேணாம் தம்பி."

"என்ன ஆனாலும் நான் பொறுப்பு."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுதிய வரியை எடுத்தார்.

"போறாளே, போறாளே, எம் பொன்னுமக போறாளே..."

அது பாட்டாகவும் இருந்தது, ஒரு ஆளைப் பிடித்து உலுக்குவது போலவும் இருந்தது. கடைசி 'ளே' முடியும்போது முட்டுக் கொடுத்த பெஞ்சு நகர்ந்து ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. நிஜமாகவே திறந்துகொண்டதா, நான் சரியாக வைக்கவில்லையா, இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நிமிடம் கோயில் மணி அடித்தது. துக்க மணி.

கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை, குரலைக் கேட்டதும் வழக்கம் போலக் கயிற்றைப் பிடித்துவிட்டார். அந்தக் குரல் கேட்டால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை என்பது இத்தனை வருடப் பழக்கம். நான் வெளியே ஓடி வருவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார். யாரு, யாரு என்று கேட்டவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. மாதக்கணக்காக மூச்சிரைப்போடு கட்டிலில் கிடக்கும் ஒரு பெரியவர். கூட்டம் மொத்தமும் அவர் வீட்டுக்குத் திரும்பியது.

அவர் கட்டிலில் சாய்ந்து சுக்குக் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் அழுத கண்ணோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, "நான் இல்லப்பா. வேற வீட்டுல பாருங்க" என்றார்.

சிரிக்கிற விஷயமாக முடியவில்லை. அவருடைய மகன் தோட்டத்திலிருந்து ஓடி வரும்போது வாய்க்கால் கரையில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். திருப்பூரில் இருக்கும் மகளுக்கு யாரோ போன் போட்டு, அந்தப் பெண் பஸ்ஸே ஏறிவிட்டது. மறுபடி போன் போட்டு இறக்க வேண்டியிருந்தது. மகன் ரத்தம் வழியும் காலோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"உசுரோட இருக்க மனுசனுக்கு ஒப்பாரி வச்சிட்டீகளே! நாடகமாம் நாடகம்!"

சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பாட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டார். நான் பொறுப்பு என்று சொன்னவன் வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாத மாதிரி நின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அக்கா அந்த மகனுக்குப் பின்னாலேயே நடந்தார். எனக்குப் பயம். ஆனாலும் போனேன்.

பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கூப்பினார் அக்கா. "தெரியாம நடந்துருச்சுய்யா" என்று ரகசியம் போலச் சொன்னார்.

பெரியவர் மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "இங்கன உக்காரு ஆத்தா. இம்புட்டு நாளா எனக்கு ஒரு கவல. நீ எனக்காகப் பாடுறப்ப நான் கேக்க முடியாதேன்னு. இன்னைக்குக் கேட்டுட்டேன்."

மகன் "அப்பா" என்று அதட்டினார். பெரியவர் கண்டுகொள்ளவில்லை. "ஆனா கல்யாணப் பாட்டுன்னு சொல்றாகளே. எனக்கு அப்படித் தெரியலயே?"

திரும்பி வரும் வழியில்தான் அக்கா அதைச் சொன்னார்.

"தம்பி, கோவிச்சுக்கிராதீக. வீட்ட விட்டுக் கெளம்புறப்ப யாராச்சும் 'போறேன்'னு சொல்லுவாகளா? 'வாரேன்'னுதான சொல்லணும். கல்யாணம் முடிஞ்சு போற பிள்ளையும் 'வாரேம்மா'ன்னுதான் சொல்லும். நீங்க போகச் சொல்லி எழுதிட்டீக. அந்த வார்த்தை எனக்குத் துக்க வீட்டுல பழகுன வார்த்தை. அது வாயில வந்தா கொரலும் அங்கதான் போகுது."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க தமிழ் வாத்தியாரு. சரியாத்தான் எழுதியிருப்பீகன்னு நெனச்சேன்."

நடுத்தெருவில் நின்று ஸ்கிரிப்டைப் பிரித்து, 'போறாளே' வந்த இடத்தை எல்லாம் 'வாராளே' என்று திருத்தினேன். பதினோரு இடம். பொடிப்பயல்களுக்குக்கூடத் தெரிந்த ஒரு வழக்கத்தைப் பதினோரு முறை தப்பாக எழுதியிருக்கிறேன்.

சிஸ்டரிடம் போய்ப் பாட்டு இருக்கட்டும் என்றேன். பெரியவரே வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மேடைக்கு முன்னால் அவருக்கு நாற்காலி போட வேண்டுமாம். தான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எவனும் ஓட மாட்டான் என்றாராம். மகனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

இதோடு என் கவலை தீர்ந்திருக்க வேண்டும். கூடித்தான் போனது. மிச்சமிருந்த நாட்களில் அக்கா பழையபடி உதட்டைத்தான் அசைத்தார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. வார்த்தையை மாற்றியாயிற்று, குரல் மாறுமா? அந்த 'வாராளே' அவர் தொண்டையில் எப்படி வரும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதுவும் ஒப்பாரியாகவே வந்தால்? ஊர் எழுந்துவிட்டால்? ஆவணியில் இவர் தன் மகள் கல்யாணத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதற்கு நான்தானே காரணம்?

அந்த நாளும் வந்தது. வெயில் இறங்கி ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். முன்வரிசையில் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. மதியத்திலிருந்து பெரியவருக்கு மூச்சுத் திணறல் என்று யாரோ சொன்னார்கள். நான் வாசித்துக்கொண்டே அந்த நாற்காலியைப் பார்த்தேன். தண்ணீர்ச் சண்டை முடிந்தது, பஞ்சாயத்து முடிந்தது. எனக்குத் தோன்றிய நினைப்புகளை எல்லாம் எழுத முடியாது. கடைசிக் காட்சிக்குத் திரை விழுந்த நேரத்தில் ஒரு ஆட்டோ மைதானத்துக்குள் வந்தது. மகன் கைத்தாங்கலாகப் பெரியவரை இறக்கி உட்கார வைத்தார். உட்கார வைத்துவிட்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

திரை விலகியது. மாம்பழக் கலர்ச் சேலையில் அக்கா நின்றார். நான் முன்னிசை வாசித்தேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி வாசித்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வாசிக்கும்போது விரல் வேர்வையில் வழுக்கியது.

"வாராளே, வாராளே, எம் பொன்னுமக வாராளே..."

முழுக் குரல். மைக் தேவைப்படவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு பெண்ணின் கை தானாக முந்தானையை எடுத்து வாயைப் பொத்தியது. டீக்கடைக்காரர் பாதி எழுந்து காலால் செருப்பைத் துழாவினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அக்காவின் கண் அந்தச் செருப்புக் கால்களில் நின்றது. வரி அறுந்தது.

முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏலே, உக்காருங்கலே!" முன்வரிசையிலிருந்து பெரியவரின் குரல். இரண்டு தடவை மூச்சை இழுத்துக்கொண்டார். "நான் இங்கனதான இருக்கேன். நீ பாடு ஆத்தா."

மைதானம் முழுக்கச் சிரிப்பு. டீக்கடைக்காரர் அசடு வழிய உட்கார்ந்தார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே அடுத்த வரியை எடுத்தார். அதற்குப் பிறகு அது கல்யாணப் பாட்டுத்தான். அந்தக் குரலுக்கு ஜனங்கள் கைத்தாளம் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் தப்புத் தப்பாக வாசித்தேன், யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டோவில் ஏறும்போது பெரியவர் அக்காவைக் கூப்பிட்டு, "வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணிக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரியவர் இறந்துபோனார். கல்யாண வீட்டுக்காரி துக்க வீட்டுக்குப் போகக்கூடாது என்று அக்காவைச் சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. நாங்கள் தெருவில் நின்று குரலுக்காகக் காத்திருந்தோம். குரல் வரவில்லை. கோயில்பிள்ளை மணிக்கயிறு ஞாபகத்தில் கையைப் பிசைந்துகொண்டு, அடிக்கலாமா என்று என்னிடம் ஜாடையில் கேட்டார். நான் உள்ளே போனேன். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் காதோரம் குனிந்து, ஒத்திகையில் செய்த மாதிரி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சண்டைக்கு வந்த மகன்தான் கேட்டார். "சத்தமாப் பாடுங்கக்கா. ஊரு கேக்கட்டும்."

"அவுக கேட்டுட்டாக தம்பி. இருக்கப்பவே கேட்டுட்டாக. மிச்சச் சத்தத்த மகளுக்கு வச்சிருக்கேன்."

மகன் தலையை ஆட்டினார். பிறகு அவரே போய் மணி அடிக்கச் சொன்னார்.

கல்யாணத்தன்று பங்கு ஹாலில் அக்கா பாடினார். முன்னிசையை ஒரு தடவைதான் வாசித்தேன். உத்தமபாளையத்துப் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அவருடைய கதை எதுவும் தெரியாது. "யாரு, பொண்ணோட அம்மாவா? இம்புட்டு நல்லாப் பாடுறாகளே" என்று என்னிடமே கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நான் மாற்றலாகித் தேனிக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. அக்காவும் மகளோடு போய் இருக்கிறார் என்று கேள்வி. இங்கே பக்கத்து வீட்டில் யாராவது தட்டில் கரண்டியைத் தட்டினால் எனக்கு அந்தக் கல்யாணச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். பெண்ணும் மாப்பிள்ளையும் வேனில் ஏறிவிட்டார்கள். பெண் எல்லோரிடமும் "வாரேன், வாரேன்" என்று சொல்லி அழுதது. அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார், கையில் ஆரத்தி எடுத்த எவர்சில்வர் தட்டு. வேன் நகர்ந்து தெருமுனை வரை போய்விட்டது. அவர் தட்டைப் பார்த்தார். மூன்று தட்டு தட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தட்டை என் கையில் கொடுத்தார்.

மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முழுக் குரலில்.

வேன் நின்றது. அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியது. இத்தனை வருடத்தில் தன் பெயரை அந்தக் குரலில் அது கேட்டதே இல்லை.

"பாத்துப் போயிட்டு வா ஆத்தா!"

தெருவில் ஒருவரும் செருப்பைத் தேடவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.